மார்க்கெட் சேனலில் நான் படித்த இங்கிலீஷ்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்கு நான் அன்று பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஆறு நாள் யோசித்துவிட்டு, இன்று சனிக்கிழமை கம்பெனி அரை நாளோடு விட்டதும் வந்து சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அந்த வித்தை உங்கப்பாவிடமிருந்து உனக்கு வந்தது. அதனால் எழுதி, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும். முழுவதையும் படித்த பிறகு போன் செய்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒரு தடவை திருப்பிச் சொல்கிறேன். புனேவுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. வேலையில் உனக்கு ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமை தோறும் பத்து மணிக்கு மீட்டிங். அதில் எல்லாரும் இங்கிலீஷில் பேசுகிறார்கள், நீ மட்டும் பேசுவதில்லை. நீ செய்து வைத்த வேலையை உன் பக்கத்து சீட்டுக்காரன் எடுத்துச் சொல்கிறான், பாராட்டு அவனுக்குப் போகிறது. இரண்டு தடவை நடந்தது, மூன்றாவது தடவையும் நடந்தது. ராஜினாமாக் கடிதத்தை டைப் செய்து வைத்திருக்கிறாய். இந்தத் திங்கட்கிழமை மீட்டிங் முடிந்ததும் அனுப்பிவிட்டு ரயில் ஏறிவிடுவாய். திட்டக்குடியில் உன் சிநேகிதன் வைத்திருக்கிற ஆன்லைன் சென்டரில் சேர்ந்துகொள்வாய். "எனக்கு வேல தெரியுதும்மா, பேசத்தான் தெரியல" என்றாய். சொல்லும்போது உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது.

திட்டக்குடி வேலை கேவலம் என்று நான் நினைப்பதாக எண்ணாதே. பட்டா நகலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைகிறவர்களுக்கு எழுதிக் கொடுப்பது நல்ல காரியம்தான். அது பிடித்து நீ வருவதாக இருந்தால் ஜங்ஷனுக்கு நானே வந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். ஆனால் நீ பிடித்து வரவில்லை, பயந்து வருகிறாய். எனக்கு ஆத்திரமாக வருகிறது. உன்மேல் கால் பங்கு, என்மேல் முக்கால் பங்கு. ஏன் என்மேல் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மாவுக்கு இங்கிலீஷில் நாலு வார்த்தை தெரியும் என்பது உனக்குத் தெரியும். எப்படி வந்தது என்று நீ எட்டாவது படிக்கும்போது கேட்டாய். பாடத்தில் ஒரு வார்த்தை, டெஸ்பைட். உன் நோட்ஸில் அதற்கு அர்த்தம் போடவில்லை. நான் அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே, மழை பெய்யாமல் போயும் நெல் விளைந்தது என்றால் அந்தப் 'போயும்'தான் அது என்று சொன்னேன். "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று வாயைப் பிளந்தாய். டிவியில் கேட்டேன் என்று சொல்லி மழுப்பிவிட்டேன். பொய் இல்லை. ஆனால் எந்த டிவி, எத்தனை வருஷம், எதற்காக என்று ஒன்றும் சொல்லவில்லை.

நீ மூன்றாவது படிக்கும்போது நான் இந்த செராமிக் கம்பெனியில் சேர்ந்தேன். முதலில் பேக்கிங், ஆறு மாதத்தில் செக்கிங். சூளையிலிருந்து வந்த பீங்கான் இன்சுலேட்டரையும் ஃபியூஸ் கட்டையையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துச் சின்ன மரச்சுத்தியால் தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நல்ல சரக்கு. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லிவிடும். எனக்குக் காது நன்றாக இருக்கிறது என்றுதான் மேஸ்திரி அந்த மேஜையில் உட்கார வைத்தார். அந்த மேஜை முதலாளி அறையின் ஜன்னலை ஒட்டி இருந்தது. முதலாளி கொஞ்சம் ஷேர் வாங்கி விற்பவர். காலையில் ஒன்பதேகாலுக்கு மார்க்கெட் திறப்பதற்கு முன்னாலேயே அவர் அறையில் டிவி திறந்துவிடும். மூன்றரைக்கு மூடும். நடுவில் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கோட்டு போட்டவர்கள் இங்கிலீஷில் பேசிக்கொண்டே இருப்பார்கள். நான் தட்டிக்கொண்டே இருப்பேன்.

முதல் ஒரு மாதம் அது எனக்கு வெறும் இரைச்சல். அப்புறம் ஒரு விஷயம் புலப்பட்டது. அவர்கள் குரல் இறங்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே ஓடுகிற எழுத்து சிவப்பாக இருக்கும். குரல் ஏறினால் பச்சை. அதாவது விடையைக் கீழேயே எழுதிப் போட்டுவிட்டுப் பாடம் நடத்துகிறார்கள். இப்படி ஒரு வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைப்பார்? ஏறியது என்பதற்கே அவர்களிடம் பத்துப் பதினைந்து வார்த்தை. சட்டென்று ஏறியதற்கு ஒன்று, மெதுவாக ஏறியதற்கு ஒன்று, விழுந்துவிட்டு எழுந்ததற்கு ஒன்று, ஏறுவது மாதிரி போக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்ததற்கு ஒன்று. தினம் அதே வார்த்தைகள் வரும். நேற்றுப் புரியாதது இன்று பாதி புரியும், நாளை முழுதாகப் புரியும். நான் பத்தாவது வரை படித்தவள், எழுத்துக்கூட்டத் தெரியும். பேக்கிங் சீட்டின் பின்பக்கம் ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை எழுதிக்கொள்வேன். பழைய பேப்பர் கடையில் அட்டை போன டிக்ஷனரி ஒன்று வாங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த வார்த்தைகளை மார்க்கெட்டுக்கு வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? என் பிழைப்புக்கு வைத்துக்கொண்டேன். உங்கப்பாவுக்குக் கோபம் ஷார்ப்லி ஏறும், கிராஜுவலி இறங்கும். மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தால் எக்ஸ்பெக்ட் பண்ணியதைவிட அதிகமா குறைவா என்று பாலத்தில் பஸ் போகும்போது பார்ப்பேன். தக்காளி விலை வொலடைல், இன்று நின்ற இடத்தில் நாளை நிற்காது. பக்கத்து வீட்டு அத்தை வட்டிக்கு வாங்கியதைத் திருப்பித் தருவாளா என்று யாராவது கேட்டால் மனசுக்குள் அன்லைக்லி என்று சொல்லிக்கொண்டு, வெளியே "எனக்கென்ன தெரியும்" என்பேன். தனியாகச் சிரித்துக்கொள்ள எனக்கு ஒரு பாஷை கிடைத்தது போல இருந்தது. ரொம்ப சந்தோஷமாக இருந்த வருஷங்கள் அவை. ஒரு குறை மட்டும் உண்டு. அந்த சேனலில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை, மன்னிப்பு கேட்டதும் இல்லை. அதற்கான வார்த்தைகளை நான் பிறகு வேறு இடத்தில்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் நான் உன்னிடம் மறைத்தது வருகிறது. வசந்தாவை உனக்கு நினைவிருக்கும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள், உனக்கு அவள் வீட்டு வேர்க்கடலையை வேகவைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்து கொடுப்பாள். எங்கள் கம்பெனியிலேயே பொம்மைப் பிரிவில் அச்சுக்குள் களிமண் பால் ஊற்றுகிற வேலை அவளுக்கு. பொம்மைப் பிரிவில் பதினொரு பெண்கள். மத்தியானம் நானும் அவளும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் தினம் மூன்று வார்த்தை எழுதுவது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். "படிச்சி கலெக்டராவப் போறியாக்கா" என்று கேலி செய்வாள்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், கார்த்திகை மாதம். முதலாளி அறையில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு சென்னையில் இருக்கிற பங்காளியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் எதிரில் ரகசியம் பேச வேண்டுமென்றால் அவர் இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். ஜன்னலைக்கூடச் சாத்த மாட்டார். எங்களுக்குத்தான் தெரியாதே. டிமாண்ட் வீக் என்றார். டால் செக்‌ஷனிலிருந்து எக்ஸிட் பண்ண வேண்டும் என்றார். பிஃபோர் மார்ச் என்றார். டோன்ட் டெல் எனிபடி என்றார். எல்லாம் நான் தினம் கேட்கிற வார்த்தைகள். கையில் இருப்பதை விற்றுவிட்டு வெளியே வா என்பதற்கு அந்தக் கோட்டுக்காரர்கள் நாளைக்குப் பத்துத் தடவை சொல்வது எக்ஸிட் தான். மார்ச்சுக்குள் பொம்மைப் பிரிவை மூடப் போகிறார்கள் என்று என் காதுக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. கையில் இருந்த ஃபியூஸ் கட்டையைத் தட்டாமலேயே நல்லது பக்கம் வைத்தேன். அப்படி நான் வைத்தது அந்த ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து வசந்தா சாப்பிடும்போது ஒரு சேதி சொன்னாள். சேத்தியாத்தோப்பில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். சம்பளம் இங்கே வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் நிரந்தரம். "இங்க பழகிட்டேங்க்கா. பொம்ம வேல எனக்குப் புடிச்சிருக்குது. என்னா பண்ணட்டும், போவட்டுமா வேணாமா?" என்று கேட்டாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "கொஞ்சம் பொறுத்துப் பாரேன். அவசரப்படாத."

அந்த வார்த்தையும் அந்த சேனலில் படித்ததுதான். ஒன்றும் பிடிபடாத நாளில் அவர்கள் எல்லாரும் வெயிட் அண்ட் வாட்ச் என்பார்கள். பெரிய ஞானம் மாதிரி இருக்கும் கேட்க. சொன்னவருக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஆனால் எனக்குத்தான் பிடிபட்டிருந்ததே! நன்றாகத் தெரிந்துகொண்டு, தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை இரண்டுதான். ஒன்று, நான் கேட்டது தப்பாக இருந்து, வசந்தா என் பேச்சை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போய், பொம்மைப் பிரிவு நன்றாக நடந்துகொண்டிருந்தால், பத்தாவது படித்தவள் இங்கிலீஷ் கேட்ட லட்சணத்தைப் பார் என்று ஊரே சிரிக்கும். இன்னொன்று, எனக்குப் புரிகிறது என்று முதலாளிக்குத் தெரிந்தால் என் மேஜையை ஜன்னலிலிருந்து தூக்கிவிடுவார், என் பாடம் நின்றுவிடும். சிரிப்பார்களே என்று பயந்தேன், பள்ளிக்கூடம் போய்விடுமே என்று பயந்தேன். வசந்தா ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டாள்.

பிப்ரவரி கடைசியில் பொம்மைப் பிரிவை மூடினார்கள். பதினொரு பேருக்கும் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள். சேத்தியாத்தோப்பு வேலைக்கு அதற்குள் வேறு ஆள் வந்தாகிவிட்டது. வசந்தா இரண்டு வருஷம் முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு அவள் விரல்களில் தோல் கறுத்து உரிந்துபோனது. அவள் பெண்ணை நர்சிங் சேர்ப்பது ஒரு வருஷம் தள்ளிப்போனது. சந்தையில் என்னைப் பார்த்தால் அதே சிரிப்போடு "படிப்பு எப்படிப் போவுதுக்கா?" என்று கேட்பாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அதற்கு அடுத்த வருஷம் நடந்த கதை உனக்குப் பாதி தெரியும், நம் வீட்டில் உங்கப்பா அடிக்கடி நடித்துக் காட்டுவாரே, அதுதான். வடக்கேயிருந்து சரக்கு வாங்குகிற கம்பெனியின் ஆள் ஒருவர் பார்வையிட வந்தார். முதலாளி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கணக்குப்பிள்ளைக்கு இங்கிலீஷ் எழுத வரும், பேச வராது. வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து, மேல் பூச்சில் இருந்த புள்ளிகளைப் பார்த்துவிட்டு, லோடு முழுவதையும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கணக்குப்பிள்ளை பில் புத்தகத்தைப் புரட்டினார். எனக்கு வசந்தா முகம் ஞாபகம் வந்தது. மரச்சுத்தியோடு எழுந்து போனேன். "சார், திஸ் இஸ் டெம்பரரி வீக்னஸ், ஒன்லி சர்ஃபேஸ். ஃபண்டமென்டல்ஸ் ஸ்ட்ராங். ப்ளீஸ் டோன்ட் எக்ஸிட்" என்றேன். 

அந்த மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துவிட்டு, சரி காட்டு என்றார். முப்பது உருப்படி எடுத்து அவர் எதிரிலேயே தட்டினேன். இருபத்தெட்டு கணீர் என்றது. மந்தமாகக் கேட்ட இரண்டை அவர் சொல்வதற்கு முன்னால் நானே எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அதைப் பார்த்துத்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். சுத்தியை வாங்கித் தானும் தட்டிப் பார்த்தார். இரண்டு பெட்டியைத் தவிர மற்ற எல்லாம் லாரி ஏறியது. மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஒனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார். எத்தனை வருஷத்து ரகசியமெல்லாம் அவர் மண்டைக்குள் ஓடியதோ! அன்றிலிருந்து ரகசியம் பேச வேண்டுமென்றால் போனை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விடுவார். என் மேஜையை நகர்த்தவில்லை. செக்கிங்குக்கு என்னைப் பொறுப்பாளராக்கினார். நான் எதற்குப் பயந்து வசந்தாவிடம் வாயை மூடிக்கொண்டேனோ அது நடக்கவே இல்லை.

அந்தத் தைரியத்தில்தான் உன் காலேஜுக்கு வந்தேன். முதல் வருஷம், பெற்றோர் கூட்டம். உங்கள் துறைத் தலைவர் உன் மார்க்கைக் காட்டி, ஏன் குறைந்தது என்று இங்கிலீஷில் கேட்டார். நானும் இங்கிலீஷிலேயே, "சார், திஸ் இஸ் ஒன்லி கரெக்‌ஷன். லாங் டெர்ம் அவுட்லுக் பாசிட்டிவ்" என்றேன். ஏறியது கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறப் போகிறது என்பதற்கு அந்த சேனலில் அப்படித்தான் சொல்வார்கள். அவர் சிரித்தார். பின்னால் நின்ற உன் சிநேகிதர்களும் சிரித்தார்கள். நீ என் காலை மிதித்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் இருந்தும் மூன்று சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தாய். நெய்வேலி தாண்டின பிறகு எழுந்து வந்து மெதுவாகச் சொன்னாய்: "அடுத்த தபா அப்பாவ அனுப்பும்மா."

நான் சரி என்றேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. கம்பெனியில் வடக்கத்திக்காரர் எதிரில் எழுந்து போய்ப் பேசியவள், பெற்ற பிள்ளை வெட்கப்படுகிறான் என்றதும் வாயைச் சாத்திக்கொண்டேன். மூன்று வருஷம் உங்கப்பா லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து, கூட்டத்தில் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். உனக்கு நிம்மதியாக இருந்தது. நான் அன்றைக்கே உன்னை ஒரு அதட்டு அதட்டியிருக்க வேண்டும். அவர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியா இல்லையா, நீ அடுத்த பரீட்சையில் மார்க் எடுப்பாயா மாட்டாயா என்று கேட்டிருக்க வேண்டும். நாலு பேர் சிரித்தால் பேச்சை நிறுத்திவிட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான், தம்பி. அந்தப் பாடத்தை நீ புனே வரைக்கும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வசந்தாதான். என் வாய் இன்னும் ஒரு இடத்தில் சாத்தியிருக்கும்போது உன் வாயைத் திற என்று எந்த முகத்தோடு சொல்வது? வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். வசந்தா வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெண் இப்போது நர்ஸாகிவிட்டாள், பேரன் பிறந்திருக்கிறான் என்று சந்தோஷமாகச் சொல்லி டீ போட்டுக் கொடுத்தாள். டீயைக் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டேன். போனில் கேட்டது, மார்ச் மாதம் என்று தெரிந்தது, பொறுத்துப் பார் என்று நான் சொன்னது, எல்லாவற்றையும். அவள் உளுந்தைத் துழாவிக்கொண்டே இருந்தாள். "நெசமாவே உனக்குப் புரிஞ்சிதா?" என்று கேட்டாள். நன்றாகப் புரிந்தது, ஆனால் தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன் என்றேன்.

"நீ தப்பா சொல்லியிருந்தாலும் நான் ஒன்னக் கோவிச்சிக்கினு இருக்க மாட்டேங்க்கா" என்றாள் வசந்தா. "சொல்லாம வுட்டுட்டியே."

அவள் கத்தவில்லை, அழவில்லை.  நான் போயிட்டு வரேன் என்று எழுந்தபோது தலையை ஆட்டினாள். எப்போதும் பஸ் ஏறும் வரை கூட வந்து நிற்பவள், அன்றைக்கு வரவில்லை. மறுபடியும் போவேன். அவள் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

இப்போது உன் விஷயம். பதினைந்து வருஷமாக அந்தக் கோட்டுக்காரர்களைக் கேட்கிறேன். இங்கிலீஷைவிடப் பெரிதாக அவர்களிடம் நான் கற்றது ஒன்று உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி பலிப்பதில்லை. காலையில் ஏறும் என்று மேஜையைத் தட்டிச் சொல்வார்கள், மத்தியானத்துக்குள் சிவப்பாக ஓடும். ஊரே பார்த்திருக்கும். ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதே ஆள், வழித்துத் தலைவாரிக்கொண்டு, அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, நேற்று ஏன் இறங்கியது என்று விளக்குவார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருக்கும், வெட்கம் கெட்டவர்கள் என்று திட்டுவேன். இப்போது அப்படித் தோன்றுவதில்லை. அந்த மனுஷர் நேற்றுத் தப்பாகச் சொன்னதற்காக இன்று வராமல் போயிருந்தால், எனக்கு யார் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? உங்கப்பா ஒருநாள், இத்தனை வருஷம் கேட்டாயே, ஒரு ஷேராவது வாங்கியிருக்கலாமே என்றார். எனக்கு வேண்டியதை நான் வாங்கிவிட்டேன் என்றேன்.

உன் இங்கிலீஷில் தப்பு வரும். நான் இல்லை என்று சொல்லவில்லை. என்னுடையதில் இன்னும் வருகிறது. ஆனால் நீ செய்த வேலையில் விரிசல் இல்லை என்று உனக்குத் தெரியும், பக்கத்து சீட்டுக்காரனுக்கும் தெரியும், அதனால்தான் அவன் எடுத்துச் சொல்கிறான். திங்கட்கிழமை அவன் ஆரம்பிப்பதற்கு முன்னால் நீ ஆரம்பி. அதிகம் வேண்டாம். ஐ டிட் திஸ் பார்ட், ஐ வில் எக்ஸ்ப்ளெயின். இவ்வளவுதான். அப்புறம் உனக்குத் தெரிந்த வேலையைப் பற்றித்தானே பேசப் போகிறாய், வார்த்தை முட்டினால் நிறுத்து, மறுபடியும் சொல். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். சிரித்து முடித்த பிறகு கேட்பார்கள், எனக்கு அனுபவம் உண்டு. அந்த ராஜினாமாக் கடிதத்தை அழித்துவிடு என்று நான் சொல்லவில்லை. அது கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும். பேசிவிட்டு அதற்குப் பிறகும் ஊருக்கு வரவேண்டும் என்று தோன்றினால் அனுப்பு. பேசாமல் அனுப்பாதே.

எனக்கும் திங்கட்கிழமை ஒரு வேலை இருக்கிறது. புதிதாக ஒரு பார்ட்டி சரக்குப் பார்க்க வருகிறார்கள், மூன்று பேர், ஒருவருக்கும் தமிழ் தெரியாதாம். முதலாளி என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார். பத்து மணிக்கு வருகிறார்கள். நீ அங்கே வாயைத் திறக்கிற நேரத்தில் நான் இங்கே திறப்பேன். நாலு இடத்தில் உளறுவேன், ஐந்தாவது இடத்தில் திருத்திக்கொள்வேன். எப்படிப் போனாலும், செவ்வாய்க்கிழமை காலை தலையை வாரிக்கொண்டு போய் என் மேஜையில் உட்காருவேன். நீயும் உன் நாற்காலியில் உட்கார்.

சாப்பிட்டாயா?

அம்மா